ஆடும் காடும் நாமும்: நோய் வரும் வழியை அறிவோம்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுகிறோம். ஆடு தீவனம் எடுக்காமல் படுத்துவிட்டால் கால்நடை மருந்தகத்துக்குப் போகிறோம். காட்டில் மரம் வெட்டினால் அது வனத்துறையின் பாடு என்று விட்டுவிடுகிறோம். மூன்றுக்கும் மூன்று அலுவலகங்கள், மூன்று பதிவேடுகள். நோய்க்கிருமியோ இந்த எல்லைகள் எதையும் பார்ப்பதில்லை. காட்டிலுள்ள வௌவாலிடமிருந்து தோட்டத்துப் பழத்துக்கும், நாயிடமிருந்து ஆட்டுக்கும், ஆட்டிடமிருந்து அதை அறுத்தவர் கைக்கும் அது வந்து சேர்ந்துவிடுகிறது.

மனிதர்களைத் தாக்கும் தொற்று நோய்களில் ஏறத்தாழ 60 சதவீதம் விலங்குகளிலிருந்து வந்தவை என்றும், புதிதாகத் தலைகாட்டும் நோய்களில் சுமார் 75 சதவீதம் அப்படிப்பட்டவை என்றும் உலக அளவிலான சுகாதார அமைப்புகள் கூறுகின்றன. இதனால்தான் மனித நலம், விலங்கு நலம், சுற்றுச்சூழல் நலம் மூன்றையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. இதை ‘ஒரே நலம்’ என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம், உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு, உலக விலங்கு நல அமைப்பு, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஆகிய நான்கும் இதற்காகச் சேர்ந்து செயல்படுகின்றன. நம் நாட்டில் இதற்கென ஒரு தேசிய நிறுவனத்துக்கு 2022 டிசம்பரில் நாக்பூரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

இது டெல்லியிலும் ஜெனிவாவிலும் பேசப்படும் விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. நம் வீட்டு முற்றத்திலும் அறுப்புக் களத்திலும் மையவாடியிலும் இது சம்பந்தப்பட்டிருக்கிறது.

மலையும் அடிவாரமும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் தேவனூர் நாடு, வளவந்தி நாடு, சேலூர் நாடு என்று ‘நாடு’ என்ற பெயரோடே ஊர்கள் வருகின்றன. மலையாளிப் பழங்குடி மக்கள் அங்கே மரவள்ளியும் சாமையும் மிளகும் விளைவிக்கிறார்கள். பலாவும் வாழையும் காய்க்கின்றன. வீட்டோடு ஆடு, மாடு, நாட்டுக்கோழி, நாய் இருக்கும். வீட்டை ஒட்டித் தோட்டம், தோட்டத்தை ஒட்டிக் காடு. அந்தக் காட்டில் குரங்கு, வௌவால், காட்டு எலி, உண்ணி எல்லாம் உண்டு.

மலையடிவாரத்திலோ வேறு காட்சி. தென்னிந்தியாவின் பெரிய முட்டை உற்பத்தி மையம் நாமக்கல். ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கான கோழிகள் வாழும் பண்ணைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கிருந்து முட்டை லாரிகள் கேரளாவுக்கும் வேறு பல ஊர்களுக்கும் போகின்றன.

காடும் வீடும் தொட்டுக்கொண்டிருக்கும் மலை, ஒரே இனப் பறவை பெருங்கூட்டமாக அடைந்திருக்கும் சமவெளி, இரண்டுக்கும் நடுவே தினமும் ஏறி இறங்கும் வண்டிகளும் மனிதர்களும். தமிழ்நாட்டில் இத்தகைய இடங்கள் பல உண்டு. ஒரு கிருமி இடம் மாறுவதற்குத் தேவையான வழிகள் எல்லாம் இங்கே இருக்கின்றன. அந்த வழி திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்டை மாநிலமான கேரளத்தில் ஒரு பாடம் இருக்கிறது.

பேராம்பிராவில் நடந்தது

2018 மே மாதம். கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா அருகே ஒரு இளைஞர் காய்ச்சலால் இறந்தார். சில நாட்களில் அதே குடும்பத்தில் இன்னொருவர் அதே அறிகுறிகளோடு மருத்துவமனைக்கு வந்தார். அப்போதுதான் மருத்துவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. மணிப்பாலிலும் புணேயிலும் உள்ள ஆய்வகங்கள் அது நிபா வைரஸ் என்று உறுதி செய்தன. அதற்குள் முதல் நோயாளி சிகிச்சை பெற்ற மருத்துவமனைகளில் கிருமி பலரைத் தொற்றிவிட்டது. உடனிருந்து கவனித்தவர்கள், பக்கத்தில் இருந்தவர்கள், பணியாளர்கள் என்று பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனையில்தான் நோயை வாங்கினார்கள். பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி அவர்களில் ஒருவர். கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் மொத்தம் 17 பேர் இறந்தார்கள்.

நிபாவின் இயற்கையான இருப்பிடம் பழந்தின்னி வௌவால். வௌவாலுக்கு அதனால் நோய் வருவதில்லை. 1998-99ல் மலேசியாவில் இந்த வைரஸ் முதன்முதலில் தெரியவந்தபோது அது வந்த வழி இதுதான்: பன்றிப் பண்ணைகளின் மேலேயே பழ மரங்கள் நின்றன, வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது, பன்றியிடமிருந்து பண்ணைத் தொழிலாளிக்கு வந்தது. அங்கே நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சுமார் பத்து லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. வங்கதேசத்தில் வேறு வழி. பனை, ஈச்ச மரங்களில் கட்டிய கலயத்தில் வௌவால் வாய் வைக்க, அந்தப் பச்சைப் பதநீரைக் குடித்தவர்களுக்கு வந்தது.

‘அப்படியானால் வௌவால்களை அழித்துவிடலாமே’ என்று சிலர் கேட்கிறார்கள். அது தவறான முடிவு. விதைகளைப் பரப்பிக் காட்டை வளர்ப்பதும், பல மரங்களின் பூக்களில் மகரந்தம் சேர்ப்பதும் வௌவால்களே. அவற்றைக் கலைத்து விரட்டினால் புதிய இடங்களுக்குச் சிதறும். பசியிலும் நெருக்கடியிலும் இருக்கும் வௌவால்கள் கிருமியை அதிகமாக வெளியேற்றுகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காட்டில் அவற்றுக்கு உணவு இருந்தால் நம் தோட்டத்துக்கு வரும் தேவை குறையும். பறவையோ வௌவாலோ கடித்த பழத்தை உண்ணாமல் இருப்பதும், பழத்தைக் கழுவித் தோல் சீவி உண்பதும், பதநீர்க் கலயத்தை மூடி வைப்பதும் நம் கையில் உள்ளவை. பாத்திரங்களை மூடி வைக்குமாறும் தண்ணீர்ப் பையின் வாயைக் கட்டி வைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருப்பதை இங்கே நினைவுகூரலாம்.

கேரளம் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. 2019ல் எர்ணாகுளத்தில் மீண்டும் ஒருவருக்கு நிபா வந்தபோது உடனே கண்டறிந்து தனிமைப்படுத்தினார்கள். அவர் பிழைத்தார், வேறு யாருக்கும் பரவவில்லை. அதற்குப் பின்னும் சில ஆண்டுகளில் அங்கே நிபா தலைகாட்டியது, உயிர்களும் போயின. ஆனால் 2018 அளவுக்கு அது பரவ விடப்படவில்லை.

கழுகு மறைந்தது, நாய் பெருகியது

சுற்றுச்சூழலில் ஒரு கண்ணி அறுந்தால் மனித உயிர் எப்படிப் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது.

ஒரு காலத்தில் இந்தியாவில் பாறுக் கழுகுகள் கோடிக்கணக்கில் இருந்தன. மாடு செத்தால் சிறிது நேரத்தில் எலும்பு மட்டும்தான் மிஞ்சும். 1990களில் அவை மளமளவென்று மறைந்தன. வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. காரணம் 2004ல் தெரிந்தது. மாடுகளுக்கு வலிக்காகப் போடப்பட்ட ‘டைக்ளோபினாக்’ என்ற மலிவான மருந்துதான் அது. அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் பழுதாகி அதுவும் செத்தது.

கழுகு இல்லாத இடத்தில் செத்த மாடுகள் அழுகிக் கிடந்தன. அவற்றைத் தின்று தெருநாய்கள் பெருகின. நீர்நிலைகள் கெட்டன. நாய்க்கடியும் வெறிநோயும் கூடின. கழுகு மறைந்த மாவட்டங்களில் 2000 முதல் 2005 வரை சுமார் ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கின்றன என்று 2024ல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு மதிப்பிட்டது. கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் கொடுப்பதை இந்தியா 2006ல் தடை செய்தது. 2023ல் கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் என்ற இரு மருந்துகளும் தடை செய்யப்பட்டன. தமிழ்நாட்டில் எஞ்சியிருக்கும் பாறுகள் நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பகுதியில் வாழ்கின்றன. மாட்டுக்கு ஊசி போட்டவரும் அதை வாங்கிய விவசாயியும் தீய நோக்கம் கொண்டவர்கள் அல்லர். கண்ணிகள் எங்கே கோர்த்திருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாததே விளைவு இவ்வளவு பெரிதானதற்குக் காரணம்.

நாய்க்கடியில் தாமதம் வேண்டாம்

உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் வெறிநோயால் இறக்கிறார்கள் என்பது உலக அளவிலான மதிப்பீடு. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். கடிபட்டவர்களில் குழந்தைகள் அதிகம். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லை. ஆனால் கடிபட்டவுடன் முறையாகச் செயல்பட்டால் இது முழுமையாகத் தடுக்கக் கூடிய நோய்.

நாயோ பூனையோ குரங்கோ கடித்தாலும் பிராண்டினாலும் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள் எதையும் அப்பக் கூடாது. மந்திரிப்பதற்கும் ஓதிப் பார்ப்பதற்கும் நேரம் கழிக்காமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும். துஆ ஓத வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே ஓதலாம். அரசு மருத்துவமனைகளில் பொதுவாக முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று ஊசி போடுகிறார்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்துவார்கள். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடக் கூடாது.

மலைப்பாதையில் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்குப் பிஸ்கட் கொடுப்பதை நம் குடும்பங்களும் செய்கின்றன. இரக்கம் என்று நினைத்துச் செய்வது குரங்கை மனிதனிடம் பறித்துத் தின்னப் பழக்குகிறது. கடியும் பிராண்டலும் அங்கிருந்துதான் வருகின்றன. காட்டு விலங்கை அதன் உணவோடு விட்டுவிடுவதே அதற்குச் செய்யும் இரக்கம்.

ஆடு: அறுக்கும் முன்னும் பின்னும்

குர்பானிக்கு ஆடு தேர்ந்தெடுக்கும்போது வெளிப்படையான நோய், குருடு, நொண்டி, எலும்பும் தோலுமான மெலிவு ஆகியவை இருக்கக் கூடாது என்று மார்க்கம் விதித்திருக்கிறது. வணக்கத்துக்குரிய இந்த நிபந்தனையில் உடல்நலப் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. இதை ஹஜ்ஜுப் பெருநாளோடு மறந்துவிடுகிறோம்.

ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. ஆடோ மாடோ திடீரென்று நோயில் விழுந்தால், ‘உயிர் போகும் முன் அறுத்துவிடு, இல்லாவிட்டால் வீணாகிவிடும்’ என்பார்கள். ஏழைக் குடும்பத்துக்கு ஓர் ஆடு என்பது பெரிய முதல். அந்தத் தவிப்பு நமக்குப் புரிகிறது. ஆனாலும் அறுப்பு செல்லுமா என்பது ஒரு கேள்வி. அந்த இறைச்சி உண்ணத் தகுந்ததா என்பது வேறு கேள்வி. உணவு ஹலாலாகவும் இருக்க வேண்டும், தய்யிபாகவும் இருக்க வேண்டும் என்பதல்லவா நாம் படித்த பாடம்?

அடைப்பான் என்ற நோயை எடுத்துக்கொள்வோம். நன்றாக மேய்ந்த கால்நடை சட்டென்று விழும். மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் வரும். அதை அறுத்தால் இரத்தத்தில் உள்ள கிருமி காற்றுப் பட்டு வித்துகளாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். அறுத்தவர் கையில் வலியில்லாத கறுத்த புண் வரும். இறைச்சியை உண்டவர்களுக்குக் குடலில் வரும். ஒடிசாவின் கோராபுட், ஆந்திராவின் விசாகப்பட்டினம் மலைப்பகுதிகளில் இறந்த கால்நடையின் இறைச்சியால் இந்நோய் அவ்வப்போது வந்திருக்கிறது. எனவே திடீரென விழும் கால்நடையைத் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். இறந்தால் தோலையும் உரிக்காமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

இரண்டாவது, கழிவு. ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ நீர் நிறைந்த கட்டிகள் இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி நாய்க்கு வீசுகிறோம். அது ஒரு நாடாப்புழுவின் கட்டி. அதைத் தின்ற நாயின் குடலில் புழு வளர்ந்து, முட்டைகள் அதன் மலத்தோடு வெளியேறும். புல்லில் ஒட்டிய முட்டையை ஆடு தின்னும். கீரையில் ஒட்டியதையோ நாயைத் தடவிய கையில் ஒட்டியதையோ குழந்தை விழுங்கும். பல ஆண்டுகள் கழித்து ஈரலில் கட்டி வளர்ந்து அறுவை சிகிச்சை வரை போகும். இந்தச் சுழற்சியை அறுக்க ஒரே ஒரு செயல் போதும்: கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடாமல் புதைப்பது அல்லது எரிப்பது. வளர்ப்பு நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுப்பதும் கூடவே வேண்டும்.

பெருநாள் அன்று குடலையும் இரத்தத்தையும் வாய்க்காலில் விடுவது, சாலையோரம் கொட்டுவது இரண்டும் நாய்களையும் எலிகளையும் நாமே விருந்துக்கு அழைப்பதாகும். நீர்த்துறையிலும் வழியிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் சாபத்துக்குரிய செயலாக எச்சரித்திருப்பது நமக்குத் தெரியாததல்ல.

பண்ணையும் மருந்தும்

கோழிப் பண்ணையைப் பொறுத்தவரை இரண்டு விஷயங்களை அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று பறவைக் காய்ச்சல். இந்தியாவில் 2006ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் அது முதலில் கண்டறியப்பட்டது. கேரளத்தில் வாத்துகளுக்கு வரும்போதெல்லாம் நாமக்கல் பண்ணைகள் உஷாராகின்றன. நன்கு வேக வைத்த கோழியிலும் முட்டையிலும் இந்தக் கிருமி இருக்காது. 70 டிகிரி வெப்பத்தில் அது செத்துவிடும். அதனால் வதந்தியை நம்பி உணவைக் கைவிட வேண்டாம். காகமோ கோழியோ கூட்டமாகச் செத்துக் கிடந்தால் கையால் எடுக்காமல் கால்நடைத் துறைக்குச் சொல்வதுதான் நம் வேலை.

மற்றொன்று ஆன்டிபயாடிக். கோழி வேகமாக எடை போடுவதற்காகத் தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலக்கும் வழக்கம் உலகின் பல நாடுகளில் இருந்தது. சிறிதளவு மருந்தில் பலவீனமான கிருமி சாகும். வலுவானது தப்பிப் பெருகும். பிறகு அதே மருந்து மனிதனுக்கு வேலை செய்யாமல் போகும். வேறு எந்த மருந்துக்கும் அடங்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் ‘கோலிஸ்டின்’ மருந்தைக் கால்நடை, கோழி வளர்ப்பில் பயன்படுத்த இந்திய அரசு 2019ல் தடை விதித்தது இதனால்தான். பண்ணையாளருக்கு ஒரு கடமை இருப்பதுபோல் நமக்கும் உண்டு. சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் நாமாகவே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதும், மருத்துவர் எழுதியதைப் பாதியில் நிறுத்துவதும் இதே கெடுதலைத்தான் செய்கின்றன.

புதரும் மழையும் தரும் காய்ச்சல்

மலை ஊர்களுக்கும் தோட்ட வேலை செய்வோருக்கும் உண்ணிக்காய்ச்சல் முக்கியமானது. புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் கடியால் அது வருகிறது. காய்ச்சல், தலைவலியோடு அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கலாம். மறைவிடம் என்பதால் பெண்கள் சொல்லத் தயங்குகிறார்கள். மருத்துவரும் பார்க்காமல் விடுகிறார். ஆரம்பத்தில் கண்டால் விலை குறைந்த மாத்திரையில் குணமாகும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். ஆகவே மூன்று வாரங்களுக்குள் காட்டுக்கோ புதருக்கோ போயிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு எலிச் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் வருவதும் இப்படித்தான்.

கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957ல் மனிதர்களுக்குப் புதிய காய்ச்சல் வந்தபோது, காட்டில் குரங்குகளும் செத்து விழுந்துகொண்டிருந்தன. உண்ணி வழியே பரவும் அந்த நோயைக் குரங்குக் காய்ச்சல் என்றே அழைத்தார்கள். இன்றும் அந்தப் பகுதிகளில் குரங்கு செத்துக் கிடந்தால் சுகாதாரத் துறை எச்சரிக்கையாகிறது. விலங்கின் சாவு மனிதனுக்கு முன்கூட்டியே வரும் செய்தி என்பதை அங்குள்ள மக்கள் அறிந்திருக்கிறார்கள். மலையில் ஆடு மேய்ப்பவர் ‘இந்த வாரம் நாலு குரங்கு செத்துக் கிடந்தது’ என்று சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேட்கும் ஓர் அதிகாரி வேண்டும். ‘ஒரே நலம்’ என்ற பெரிய திட்டம் கீழ்மட்டத்தில் இந்த ஒரு தொடர்பில்தான் நிற்கிறது.

மார்க்கம் காட்டும் வழி

நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டு போகக் கூடாது என்றும், கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையவோ அங்கிருந்து தப்பி ஓடவோ கூடாது என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது அங்கே கொள்ளைநோய் என்று ஸர்க் என்ற இடத்தில் செய்தி வந்தது. தோழர்களுடன் ஆலோசித்துத் திரும்ப முடிவு செய்தார்கள். இது அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதாகாதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, செழிப்பான கரையும் வறண்ட கரையும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதிக்கு உட்பட்டதே என்ற கருத்தில் உமர் (ரலி) விளக்கினார்கள். தவக்குல் என்ற பெயரில் அலட்சியம் காட்டுவோருக்கு இதில் தெளிவான பதில் இருக்கிறது.

மய்யித் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நிபா போன்ற நோயில் இறந்தவரின் உடல் நீர்களிலும் கிருமி இருக்கும். 2018ல் கோழிக்கோட்டில் உறவினர் தொடாமல், சுகாதாரத் துறையின் கண்காணிப்பில் ஆழக் குழி தோண்டி அடக்கம் செய்தார்கள். 2020ல் கொரோனா வந்தபோது நாமும் அதைக் கண்டோம். குளிப்பாட்ட இயலாதபோது தயம்மும், அதற்கும் வழியில்லாவிட்டால் இயன்ற அளவில் அடக்கம் என்று உலமாக்கள் அப்போது வழி காட்டினார்கள். பெற்றவரைக் கடைசியாக ஒருமுறை தொட முடியாத வேதனை சாதாரணமானதல்ல. ஆயினும் உயிரோடு இருப்பவரைக் காப்பதும் மார்க்கக் கடமை. நெருக்கடி வரும் நாளில் விவாதிப்பதைவிட, ஒவ்வொரு ஜமாஅத்தும் குளிப்பாட்டுபவர்களுக்குக் கையுறை, முகக்கவசம், முறையான பயிற்சி ஆகியவற்றை இப்போதே ஏற்பாடு செய்வது நல்லது.

ஜமாஅத்துகள் செய்யக் கூடியவை

பெருநாளுக்கு முன் கால்நடை மருத்துவரை அழைத்து ஆடுகளைப் பார்க்கச் சொல்லலாம். கழிவைப் புதைக்கப் பொதுக் குழி தோண்டி, அதற்கு இளைஞர்களைப் பொறுப்பாக்கலாம். நாய்க்கடிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மக்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கலாம். ஜும்ஆ பயானில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதைப் பேசலாம். ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருந்தகம், வனத்துறை ஆகியவற்றின் தொலைபேசி எண்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை.

பூமியில் நடமாடும் உயிரினங்களும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பது குர்ஆன் தரும் பார்வை. அவற்றின் நலத்தைக் கவனிப்பது நம் பிள்ளைகளின் நலத்தைக் கவனிப்பதும் ஆகும். நம்மையும் நம் குடும்பங்களையும், மலையிலும் சமவெளியிலும் வாழும் எல்லா மக்களையும் கொடிய நோய்களிலிருந்து அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.